திருப்பிப் போட்ட சக்கரம்

பிணவறை வாசலில் தம்பி பொண்டாட்டி அடித்த முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது வாயில். மூன்றாவதற்குள் காலில் கிடந்த செருப்பு கைக்கு வந்துவிட்டது. அடி வாங்கியவள், செத்தவனுடைய அக்கா, தடுக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. காதுத் தோடு பிய்ந்து எங்கோ போய் விழுந்தது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி யூனிஃபார்ம் காலரை நனைத்தது. நாலு பேர் பிடித்து இழுத்தும் தம்பி பொண்டாட்டியின் பிடி தளரவில்லை.

"எந்தப் பக்கம் தள்ளுனீங்க அண்ணி? சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"வலது பக்கம் தள்ளியிருந்தா அவர் எப்படிச் செத்தாரு?"

 உதடு கிழிந்திருந்தது. இன்னும் ரெண்டு அடி விழுந்தால் தேவலை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தொழிற்சாலையில் அவளைப் பெட்டிக்காரி என்பார்கள். பெல்ட் போட்டு நெஞ்சில் மாட்டிய ரிமோட் பெட்டியோடு ஏழு வருஷமாக அலைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெட்டியில் கட்டை விரலுக்கு அடியில் ஒரு சின்னக் குச்சி. குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறாளோ அந்தப் பக்கம் நண்டு நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

நண்டு என்பது அவர்கள் வைத்த பெயர். ஆள் உட்காராத வண்டி அது. இடுப்பளவு உயரம், இரண்டு கட்டிலை நீளவாக்கில் சேர்த்துப் போட்ட நீளம், முழுக்க இரும்பு. யானைக் கனமுள்ள இரும்பு அச்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, தகட்டை அழுத்தி வடிவாக்கும் ஒரு பிரஸ்ஸிலிருந்து இன்னொரு பிரஸ்ஸுக்குப் போகும். மூக்கைத் திருப்பாமலேயே பக்கவாட்டில் போகும், அதனால்தான் அந்தப் பெயர். அந்த வித்தையெல்லாம் சக்கரத்தில் இருந்தது. டயருக்குப் பதிலாகச் சக்கரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு உருளைகள், எல்லாம் சாய்வாக. முன் இடதுக்கும் பின் வலதுக்கும் மாட்டுவதை இடது சக்கரம் என்பார்கள், அதற்கு ஒரு சாய்வு; மற்ற இரண்டுக்கும் மாட்டும் வலது சக்கரத்துக்கு எதிர்ச் சாய்வு. மேலிருந்து பார்த்தால் நாலு சாய்வும் வண்டியின் நடுவைப் பார்த்துப் பெருக்கல் குறி போல நிற்க வேண்டும். நின்றால்தான் நண்டு சொன்ன பேச்சைக் கேட்கும்.

தம்பி பொண்டாட்டிக்கு அதே தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. தம்பி பெட்டிக்காரிக்குச் சைகை ஆள். வண்டியின் மூக்குப் பக்கம் நின்று கையால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டுவான். வீட்டில் அக்கா பேச்சைக் காதில் வாங்காதவன், வேலையில் அவளுடைய இரண்டு கண்ணாக இருந்தான். "அக்கா கையில உயிரைக் குடுத்துட்டு நிக்கிறேன், பார்த்துத் தள்ளு" என்று தினம் ஒரு தடவை கிண்டல் செய்வான். 

அன்று காலையிலேயே முன்பக்க வலது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். பிரஸ் சந்துக்குள் நுழைந்து நின்றதும் ஒரு உருளை இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. சக்கரம் மாட்டுகிற ஃபிட்டர் அன்று லீவு. வேலை நின்றால் ஃபோர்மேனுக்கு மூக்கு மேல் கோபம் வரும். "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். கேன்டீனிலிருந்து அவர்கள் திரும்பி வந்தபோது ஜாக்கி இறங்கியிருந்தது, சக்கரத்தை மூடும் தகடும் திரும்ப மாட்டியாகிவிட்டது.

சக்கரம் மாற்றினால் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு அடி பக்கவாட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வேலையின் முதல் பாடம். பெட்டிக்காரிக்கு அது தெரியும்.

"ஒரு தடவை சும்மா ஓட்டிப் பார்த்துடவா சார்?"

"அரை மணி நேரம் ஏற்கனவே போச்சு. எடும்மா வண்டிய."

எடுத்தாள். நண்டுக்கு வலப்புறம் பிரஸ் மேடை, இடப்புறம் இரும்புத் தூண். வண்டி வலது பக்கம் போய் மேடையை ஒட்ட வேண்டும். வண்டி தன்னைவிட்டு விலகித்தானே போகப் போகிறது என்று தம்பி மூக்கின் இடப்பக்கம், தூணில் முதுகைச் சாய்த்தபடி நின்றான். இரண்டு பக்கச் சந்தும் அங்கிருந்துதான் தெரியும். ஆள் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தும் சென்சாரை அந்தச் சந்தில் சாவி போட்டு அணைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தூணைப் பார்த்தே வண்டி நகராது. அவள் குச்சியை வலது பக்கம் தள்ளினாள். பின்பக்கம் வலதுக்குப் போனது. மூக்கு இடதுக்கு வெட்டியது.

விரலை உடனே எடுத்தாள். அதற்குள் தம்பியின் இடுப்பு வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அவன் கத்தவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் வண்டியின் தகட்டைத் தட்டினான், கதவைத் தட்டுவது போல. உயிரோடுதான் இருந்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வண்டியை அவனிடமிருந்து விலக்க வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் இருந்தது. வலது பக்கம் தள்ளினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் வலது பக்கம் தள்ளினாள். வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்துத் தகட்டின் மேல் கொட்டியது. வலது, வலது என்று அவள் அலறிக்கொண்டே மூன்றாவது தடவை தள்ளியபோது தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

மேலே ஓடும் கிரேனை வைத்து மூக்கைத் தூக்கித்தான் அவனை எடுத்தார்கள். கொக்கி மாட்டிய வேகத்தில் முன் வலது சக்கரத்தின் தகடு பிய்ந்து போனது. வண்டியை அது முதலில் நின்ற இடத்திலேயே இறக்கி வைத்து மஞ்சள் நாடா கட்டினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள், குச்சி நன்றாக வேலை செய்தது. கை தவறிவிட்டது, பதற்றத்தில் மறுபடி மறுபடி தப்பாகவே தள்ளியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். சக்கரத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சக்கரம் உருண்டையாக இருந்தால் போதும் என்று நினைக்கிற மேதாவிகள்.

தம்பி வீட்டின் பின்பக்க அறையில்தான் அவள் குடியிருந்தாள். சாவு முடிந்த அன்றே நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. இரவும் பகலும் தம்பி பொண்டாட்டி அழுவது கதவு வழியாகக் கேட்டது. அழுகை நின்றால் சுவரில் எதையாவது எறிவாள். பெட்டிக்காரி தன் வலது கட்டை விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அதைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாள். நகம் கறுத்துப் பெயர்ந்தது. மனசு ஆறவில்லை.

நாலாம் நாள் தம்பியின் லாக்கரில் இருந்ததை எடுத்துப்போகச் சொல்லி ஆள் வந்தது. அவனுடைய ஷூவையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது அந்தச் சந்தைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தவள் பார்த்துவிட்டாள். தகடு பிய்ந்த சக்கரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று சக்கரத்திலும் வெளிப்பக்கம் மேடாக இருக்கும், இதில் குழியாக இருந்தது. யாரோ உள்ளே இருக்க வேண்டிய முகத்தை வெளியே வைத்து மாட்டியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று மேலிருந்து பார்த்தாள். தகட்டுக்குள் இருந்த மற்ற மூன்று சாய்வும் நடுவைப் பார்த்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த நாலாவது வேறு எங்கோ பார்த்தது.

ஸ்டோரில் வலது சக்கரம் தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது, இருந்தது இடது மட்டும்தான். அது அவளுக்கு நினைவு வந்தது. அப்படியானால் ஃபோர்மேன் இடது சக்கரத்தை எடுத்து, உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி முன் வலதில் மாட்டியிருக்கிறார். ஆனால் திருப்பினால் சாய்வும் திரும்பிவிடாதா? அதுதான் அவளைக் குழப்பியது. வீட்டுக்கு வந்து துண்டைத் துவைத்துக் கொடியில் போடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. கொடிக்கயிற்றின் முறுக்கு சாய்வாக ஓடியது. கொடியின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், துணிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். சாய்வு மாறவில்லை. கயிற்றை அவிழ்த்துத் தலைகீழாக, முனை மாற்றிப் பிடித்தாள். அப்போதும் அதே சாய்வு. முறுக்கியது முறுக்கியதுதான், எப்படித் திருப்பினாலும். இடது சக்கரத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் அது இடது சக்கரம்தான்.

அவள் ஓடிப்போய் நடுக்கதவைத் தட்டினாள்.

"சக்கரம் தப்பும்மா. நான் வலதுதான் தள்ளுனேன். சக்கரத்தை அந்த ஆளு தப்பா மாட்டியிருக்கான்."

 கதவின் அந்தப் பக்கம் ஏதோ கனமான பாத்திரம் வந்து மோதியது.

"இன்னும் யார் தலையில கட்டப் போறீங்க அண்ணி? மூணு தடவ தள்ளுனீங்களே, மூணு தடவ. நான் பேக்கிங்லேர்ந்து ஓடி வர்றேன், நீங்க தள்ளிக்கிட்டே நிக்கிறீங்க. என் கண்ணால பார்த்தேன்."

உலகமே நம்பாவிட்டாலும் போகட்டும், இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று பெட்டிக்காரிக்கு இருந்தது. இந்தக் கதவு திறந்தால் அவளுக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். திறக்காவிட்டால் அந்தக் கொடிக்கயிறு எதற்கு உதவும் என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

எட்டாம் நாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஃபோர்மேன் கேபினில் ஒரு தாள் தயாராக இருந்தது. 'என் கை தவறியதால்' என்று ஆரம்பித்தது.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. உனக்கு வேற இடத்துல வேலை போட்டுத் தரச் சொல்லியிருக்கேன்."

"அன்னிக்கு எந்தச் சக்கரம் சார் மாட்டுனீங்க?"

"ஏன், அதுக்கென்ன?"

"எந்தச் சக்கரம்?"

அவர் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பேனாவை விரலுக்கு நடுவில் திணித்து, கையைத் தாளின் மேல் அழுத்தினார். "தம்பியக் கொன்னுட்டு என்னையா கேள்வி கேக்குற? போடு." நகம் பெயர்ந்த விரலை அவர் நசுக்கியதும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கையை உருவி, பேனாவை அவர் புறங்கையில் ஓங்கிக் குத்தினாள். பேனா பாதி இறங்கி அங்கேயே நின்றது. அவர் அலறிக்கொண்டு மறு கையால் அவள் முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்து ரத்தம் தாளின் மேல் தெறித்தது. நாற்காலி கவிழ்ந்தது, கண்ணாடிக் கதவு சிதறியது, வெளியே வேலை நின்றது. மிஷின்களை விட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். பேக்கிங் செக்ஷன் பெண்களும் வந்தார்கள். அதில் தம்பி பொண்டாட்டியும் இருந்தாள். அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"என்னமோ சக்கரமாம்" என்றார் ஃபோர்மேன் கூட்டத்தைப் பார்த்து. கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆமாய்யா, இடது சக்கரந்தான் இருந்துச்சு. திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டா வலதுதானே? இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை பாக்குறவன்யா நான். நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றா."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் அதை மனசார நம்பினார். கூட்டத்திலும் பாதிப் பேர் தலையாட்டினார்கள், சக்கர ஃபிட்டர் மட்டும் நெற்றியைச் சுருக்கினான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் பெட்டிக்காரியின் தோளைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். மஞ்சள் நாடாவை அறுத்தார். ரிமோட் பெட்டியை எடுத்து வரச் செய்து அவள் நெஞ்சில் மாட்டினார். தன் கையாலேயே சாவியைத் திருகி வண்டியின் சென்சாரை அணைத்தார்.

"எல்லாரும் பாருங்க. அவன் நின்ன இடத்துல நான் நிக்கிறேன். இவ வலது பக்கம் தள்ளட்டும். வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

போய் தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். மார்பைக்கூட நிமிர்த்திக்கொண்டார்.

பெட்டிக்காரிக்கு மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் வழிந்தது. கயிற்றைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தள்ளி நில்லுங்க சார் என்றாவது சொல்லியிருக்கலாம். ரெண்டும் நாக்கு நுனியில் இருந்தன, அவள் சொல்லவில்லை. அவளை நல்லவள் என்று காட்ட இந்தக் கதை வரவில்லை. கூட்டத்தில் தம்பி பொண்டாட்டியின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டை விரலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, குச்சியின் மேல் வைத்தாள்.

"பாத்துக்கோ. வலது பக்கம்."

தள்ளினாள். பின்பக்கம் வலதுக்குப் போனது. மூக்கு இடதுக்கு வெட்டியது. ஃபோர்மேனின் முகத்தில் முதலில் வந்தது வலி இல்லை, ஆச்சரியம். ஒரு காலைத் தூக்கித் தாவப் பார்த்தார், மற்ற கால் தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முட்டி உடைந்த சத்தம் பிரஸ் அடித்த மாதிரி சந்தெல்லாம் கேட்டது. அவள் விரலை எடுக்கவில்லை. இன்னும் தள்ளினாள். தொடை எலும்பு பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, ரத்தம் தகட்டில் வழிந்து, காய்ந்து போயிருந்த பழைய கறையின் மேல் ஓடியது. அவர் இரண்டு உள்ளங்கையாலும் தகட்டைத் தட்டினார்.

"விடு. ஐயோ, விடும்மா. தெரியாமப் போட்டேன்."

விரலை எடுத்தாள். நண்டு நின்றது. அவர் கால் உள்ளேயே இருந்தது. கூட்டத்தில் ஒருவன் வாந்தி எடுத்தான். அதற்குமேல் யாரும் அசையவில்லை. அந்தத் தட்டல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டு நாளாக அவள் தூக்கத்தில் கேட்ட அதே சத்தம். பெட்டிக்காரிக்குக் கோபமெல்லாம் எங்கோ வடிந்து போனது.

தம்பி பொண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் வந்து பெட்டியின் மேலிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள்.  "வலதுதான் தள்ளுனீங்க. நான் பார்த்தேன் அண்ணி. வலதுதான்."

எட்டு நாளாக அந்த வார்த்தைக்குத்தான் பெட்டிக்காரி காத்திருந்தாள். காதில் விழுந்ததும் அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். தூணருகே தட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது.

"அவரை வெளிய எடுக்கணும்" என்று சக்கர ஃபிட்டர் கத்தினான். "கிரேனைக் கூப்பிடுங்கய்யா."

"கிரேன் வேண்டாம்" என்றாள் பெட்டிக்காரி. வலதுக்குத் தள்ளினால் இடதுக்குப் போகிற மூக்கு, இடதுக்குத் தள்ளினால் வலதுக்குத்தானே போகும். யோசிக்கவே தேவையில்லாத விஷயம். விரலைக் குச்சியின் மேல் வைத்து இடது பக்கம், ஒரு நூல் அளவுதான், தள்ளினாள்.

நண்டு பூ மாதிரி விலகியது. ஃபோர்மேன் தூணோடு வழுக்கித் தரையில் விழுந்தார். கால் சதையாகத் தொங்கியது, ஆனால் மூச்சு இருந்தது. நாலு பேர் ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள்.

தம்பி பொண்டாட்டியின் கை இன்னும் அவள் கையின் மேலேயே இருந்தது. குச்சி எந்தப் பக்கம் போனது என்று அவள் விரலால் உணர்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், காலியாக இருந்த அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் தள்ளுனா விட்டுடுமா?"

பெட்டிக்காரி பெட்டியின் பெல்ட்டைக் கழற்றப் போனாள்.

"அண்ணி. அன்னிக்கும் விட்டிருக்குமா?"

"விட்டிருக்கும்" என்றாள் அவள்.